வைத்தியம் யாருக்கு?

கீழ்க்கட்டளை பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீடு. காப்பியை ஆற்றிக்கொண்டே அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

“பத்திரிகையிலே இருக்கிறீர்கள். நாலு டாக்டர்களைத் தெரிந்திருக்கும். பையனைக் குணப்படுத்துகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்களேன், அம்மா!”

பையனுக்கு வயது 19. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. தன் மனம் பெண்களை நாடவில்லை, ஆண்களையே நாடுகிறது என்று ஒருநாள் இரவு தாயிடம் சொல்லிவிட்டான். அன்று முதல் தகப்பனார் அவனோடு பேசுவதில்லை. அவனுக்கும் சோறு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று, காலேஜும் நின்றது. தாயத்து ஒன்று கட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் வியாதி எது? தன்பாலீர்ப்பை உலக சுகாதார ஸ்தாபனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயல்ல என்று 2018-ல் சொல்லியாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி, குற்றமும் அல்ல என்றது சுப்ரீம் கோர்ட். ஆனால் தூக்கம் கெடுவதும் மனம் சோர்வதும் நிஜமான கஷ்டங்கள். பேச்சிலோ நடையிலோ எதுவும் வெளிப்பட்டுவிடக் கூடாதே என்று நாள் முழுதும் தன்னைத் தானே வேவு பார்க்கிறவனுக்குத் தூக்கம் எப்படி வரும்?

அம்மாளுக்கு ஒரு நீதிபதியின் கதையைச் சொன்னேன். கதையென்ன, நடந்ததுதான்!

2021-ல் ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம் பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் போலீஸில் புகார் செய்ய, பெண்கள் பாதுகாப்புக் கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பெண்களையும் பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். இதில் ஆச்சரியமில்லை. பிறகு, இந்த விஷயத்தில் தமக்கே தெளிவு போதாது என்று ஒப்புக்கொண்டு, தாமும் ஒரு மனோதத்துவ நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாரே, அதுதான் ஆச்சரியம்! தெருவில் வழி கேட்கவே கூச்சப்படும் ஆண்பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா?

ஜூன் 7-ந் தேதி உத்தரவு வந்தது. இயல்பை ‘மாற்றுகிறேன்’ என்று எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது. செய்தால் லைசென்ஸே போகலாம். மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. மாத்திரை, மின்சார அதிர்ச்சி எல்லாம் இதில் அடக்கம். “ஒரு கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்” என்ற வீட்டு வைத்தியம் ஒன்று உண்டு. அதில் பலியாவது இன்னொரு வீட்டுப் பெண்ணும்தான்.

“அப்படியானால் டாக்டரே வேண்டாமா?”

“வேண்டும். தூக்கத்துக்கும் சோர்வுக்கும், அவன் சம்மதத்தோடு. ‘சாகலாம் போலிருக்கிறது’ என்று சொன்னால் ஒரு நிமிஷமும் தனியே விடாதீர்கள். நீங்களும் அவன் அப்பாவும்கூட ஆலோசகரைப் பார்க்கலாம். 14416-க்கு போன் செய்தால் அரசாங்கத்தின் டெலி-மானஸ் சேவை. தமிழிலேயே பேசுவார்கள். காசில்லை; நடுராத்திரியிலும் கூப்பிடலாம்.”

“அவர் எங்கே வரப்போகிறார்?”

“ஜட்ஜே போனார் என்று சொல்லிப் பாருங்கள்.”

அம்மாள் தினசரிக் காலண்டரின் ஓரத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டார். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. சட்டென்று எழுந்து தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினார்.