இடைவேளைக் கச்சேரி

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் இறுதிப் போட்டியாகிய சூப்பர் பௌலில், முற்பாதி ஆட்டம் முடிந்து வீரர்கள் மைதானத்தை விட்டு அகன்றவுடனே, நூற்றுக்கணக்கான ஆட்கள் சக்கரம் பூட்டிய மேடைத் துண்டுகளைப் புல்தரைமேல் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, சில நிமிஷங்களில் ஒரு முழு அரங்கத்தையே பொருத்திவிடுகிறார்கள். பன்னிரண்டு பதின்மூன்று நிமிஷம் சங்கீதம் நடந்ததும், அவ்வளவும் பிரித்து எடுக்கப்பட்டு ஆட்டம் மறுபடி தொடங்குகிறது. பாடுகிற நட்சத்திரத்துக்குப் பெரிய சன்மானம் கிடையாது. நிகழ்ச்சிச் செலவைப் போட்டியை நடத்தும் லீக் நிர்வாகம் ஏற்றுக்கொள்ளும். நம் சபாக்களில் ஒரு வித்வான் வர்ணம் பாடிக் குரலைப் பதப்படுத்திக்கொள்ளும் அவகாசத்துக்குள் இவர்கள் கச்சேரியையே முடித்தாக வேண்டும். ஆகவே இந்நிகழ்ச்சிகளை ஒப்பிடும்போது வாணவேடிக்கையின் அளவை நான் பிரதானமாகக் கொள்வதில்லை. அந்த நாளும் அந்த மைதானமும் விதித்த நிலைமையைக் கலைஞர் எவ்வாறு தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார் என்பதையே பார்க்கிறேன்.

1967-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முதற் போட்டியில் கல்லூரி மாணவர்களின் பாண்டு வாத்திய கோஷ்டிகள்தாம் இடைவேளையை நிரப்பின. நெடுங்காலம் அந்த வழக்கமே நீடித்தது. 1992-ல் பனிச்சறுக்கு நடனமும் பாட்டுமாக நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கையில், ஃபாக்ஸ் தொலைக்காட்சி அதே நேரத்தில் தன் நகைச்சுவை நிகழ்ச்சியைப் போட்டியாக ஒளிபரப்பி, கோடிக்கணக்கான நேயர்களை இழுத்துக்கொண்டது. இதனால் விழித்துக்கொண்ட நிர்வாகம், மறு வருஷம் பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்துக்கு மைக்கேல் ஜாக்ஸனை அழைத்துவந்தது. மேடைக்குள்ளிருந்து துள்ளி எழுந்த அவர், ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம் விரலைக்கூட அசைக்காமல் நின்றார். ஒவ்வொரு விநாடிக்கும் விலை பேசப்படும் அந்தத் தொலைக்காட்சி நேரத்தில், ஒரு ஸ்வரமும் எழுப்பாமல் நின்றே ஜனங்களை ஆரவாரிக்கச் செய்த தைரியத்தை என்னவென்று புகழ்வது!

2002-ல் நியூ ஆர்லியன்ஸில் பாடிய யூ-டூ குழுவினர் எதிர்கொண்டதோ ஒரு தேசத்தின் துக்கம். முந்தைய செப்டம்பர் 11-ல் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களில் மாண்டவர்களின் பெயர்கள் அவர்களுக்குப் பின்னாலிருந்த பெருந்திரையில் மேல்நோக்கி ஊர்ந்து செல்ல, கடைசியில் குழுவின் பாடகர் போனோ தம் மேற்சட்டையைத் திறந்து உள்ளே தைத்திருந்த அமெரிக்கக் கொடியைக் காட்டினார். அவர் அயர்லாந்துக்காரர், ஆயினும் அந்தச் செய்கையில் எனக்குப் பாசாங்கு தென்படவில்லை.

பாடகர் பிரின்ஸின் கதை வேறு. 2007 பிப்ரவரி 4 அன்று மயாமியில் மழை கொட்டிற்று. ஆட்டத்தின்போதே மழை பெய்த முதல் சூப்பர் பௌல் அதுதான். அவருடைய பிரத்தியேகச் சின்னத்தின் வடிவில் அமைத்த வழவழப்பான மேடையில் நீர் தேங்க, மின்சாரக் கிட்டார்கள் நனைய, நடனமாதர் குதிகால் உயர்ந்த பாதரட்சைகளோடு வழுக்காமல் ஆட வேண்டியிருந்தது. நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் டான் மிஷர் கவலையோடு தொலைபேசியில் விசாரித்தபோது, மழையை இன்னும் பலமாக்க முடியுமா என்று பிரின்ஸ் திருப்பிக் கேட்டாராம். தலையில் துணி கட்டிக்கொண்டு, பிறர் பாட்டுகளையும் தம் பாட்டுகளோடு தாராளமாகக் கலந்து பாடி, ஃபுளோரிடா ஏ அண்டு எம் பல்கலைக்கழக பாண்டையும் சேர்த்துக்கொண்டு, முடிவில் 'பர்ப்பிள் ரெயின்' என்ற பாட்டுக்கு வந்தார். ஊதா விளக்கொளியில் மழைத்தாரை மின்ன, காற்றில் படபடத்த வெண்திரையின்மேல் கிட்டாரும் அவருமாகப் பிரம்மாண்டமான நிழல் விழுந்தது. எத்தனை கோடி செலவழித்தாலும் அந்த மழையை எந்த நிர்வாகமும் வருவித்திருக்க முடியாது.

பின்னாளில் வந்தவர்களில் பியான்ஸே, டாக்டர் டிரே, கெண்ட்ரிக் லமார் முதலானோருக்குக் கீர்த்தியிலும் திறமையிலும் குறைவில்லை. 2023-ல் கர்ப்பிணியாக இருந்த ரிஹானா, அந்தரத்தில் தொங்கிய மேடைகளில் நின்று நிதானமாகப் பாடியதை மாத்திரம் மேற்சொன்ன வரிசையில் சேர்ப்பேன். மைக்கேல் ஜாக்ஸனுக்கு அடுத்தபடி அசையாமையின் பலத்தை அறிந்தவர் அவரே. ஆயினும் முதலிடம் பிரின்ஸுக்கே. இரண்டாமிடத்துக்கு, சற்றுத் தயக்கத்தோடு, யூ-டூவைச் சொல்வேன்.