கண்காட்சிக்கு ஒரு சோதனை

நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் அறிவியல் கண்காட்சி நடைபெறுவதை நாம் அறிவோம். எரிமலை புகை கக்கும். தெர்மோகோல் காற்றாலை சுழலும். பெற்றோரும் மகிழ்ந்து பாராட்டிச் செல்வர். இவை அழகிய மாதிரிகளே அன்றிச் சோதனைகள் ஆகா. விடை தெரியாத ஒரு வினாவில் தொடங்குவதே சோதனை.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதியில் வாழும் நாம் வினாவைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. டேனரித் தண்ணீர் பயிரைக் கெடுக்கிறதா என்பதே முதலில் மனத்தில் எழும். ஆனால் அது நம் கைக்கு அடங்காத வினா. அத்தண்ணீரில் உப்பு, சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம் எனப் பலவும் கலந்திருக்கும். பயிரைக் கெடுத்தது எது என எவ்வாறு கூறுவது? மேலும் கழிவுநீரை நாமே மொண்டு வருதல் ஆபத்தானது. அதைச் செய்யவே கூடாது.

ஆகவே ஒன்றை மட்டும் பிரித்தெடுப்போம். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிடுகிறார்கள். டேனரியில் அத்தோலை ஊறவைத்துக் கழுவும்போது உப்பு நீரில் கரைந்துவிடுகிறது. குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம். கரைந்த உப்பை அவ்வளவு எளிதில் பிரிக்க முடியாது. எனவே நம் வினா இதுதான்: ஒரு லிட்டர் நீரில் எத்தனை கிராம் உப்பு இருந்தால் பச்சைப்பயறு முளைப்பது குறைகிறது?

நல்ல நீர் ஒன்று. லிட்டருக்கு 4, 8, 12, 16 கிராம் உப்பிட்ட நீர் நான்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டுகள், தட்டுக்கு 20 பயறு. ஒரு தட்டு மட்டும் வைத்தால், அதில் சொத்தைப் பயறு மிகுந்துவிட்டாலும் நாம் உப்பின் மேல் பழி போட்டுவிடுவோம். பயறு ஒரே பொட்டலத்தினதாக இருக்கட்டும். பருத்ததைப் பொறுக்கி நல்ல நீரில் இடும் ஆசை நம் எல்லோருக்கும் வரும், அதற்கு இடந்தரக் கூடாது. துணியும், ஊற்றும் நீரின் அளவும், வைக்கும் இடமும் எல்லாத் தட்டுகளுக்கும் ஒன்றே. தட்டுகளை மூடி வைத்தல் இன்றியமையாதது. நம் ஊர் வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. திறந்து வைத்தால் 4 கிராம் நீர் மறுநாளே 4 கிராம் நீராக இராது! முளை என்று எதைக் கொள்வது என்பதையும் முன்னரே எழுதி வைப்போம். வேர் 2 மில்லிமீட்டர் நீண்டால் முளை என்று கொள்ளலாம்.

இனி ஏடு. பேனாவால் எழுதுவோம், தவறிய எண்ணை அழிக்காமல் ஒரு கோடிட்டு அருகில் சரியானதை எழுதுவோம். பெரும்பாலும் முளைத்தன என்று எழுதுவதில் பயனில்லை. 20-ல் 17 என்று எழுத வேண்டும். மொத்த எண் ஏன் வேண்டும்? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. அங்கு 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன. 350 என்று மட்டும் எழுதியிருந்தால், அது முக்காற்பங்கா அல்லது பத்தில் ஒன்றா என்று எவருக்கும் தெரிந்திராது. கெடாத 117 கிணறுகளும் கணக்கில் இருப்பதே அவ்வாய்வுக்குப் பலம்.

நம்முள் பலர் வீட்டில் அடுப்பெரிவது தோல் தொழிலால். வேறு பலர் வீட்டில் கிணறு உப்புக்கரித்து நிலம் தரிசாயிற்று. இருசாராரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கிறோம். ஆதலின் முடிவை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு பயற்றை ஊறவைப்பது முறையன்று. 8 கிராம் நீரில் நாம் எதிர்பாராதபடி நன்கு முளைத்தால், அதையும் அப்படியே அட்டவணையில் இட வேண்டும்.

முடிவுரை எழுதும்போது எல்லை மீறக் கூடாது. இவ்வளவு உப்பில் இத்தனை பயறு முளைத்தது என்பதே நம் முடிவு. பாலாற்றங்கரை நிலங்களைப் பற்றி நம் தட்டுகள் எதுவும் கூறவில்லை. அதை அறிய வேண்டுமானால் அடுத்த ஆண்டு மாணவியர், ஆசிரியை துணையுடன், ஊர்க் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பை டி.டி.எஸ். மீட்டரால் அளந்து வரட்டும். நம் அட்டவணை அவர்களுக்கு ஒப்பிடப் பயன்படும்.