பிள்ளை ‘கொமிக் கொன்’ போகக் கேட்டால்…

"சேர், கொழும்பில கொமிக் கொன் நடக்குதாம். வீட்டில விடமாட்டாங்க. நீங்க ஒருக்கா சொல்லுங்களேன்." தெல்தோட்டை மாணவர்கள் சிலர் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. பெற்றோரிடம் பேசினால், "கேம் பைத்தியங்கள் கூடுற இடம்தானே?" என்கிறார்கள். என்னவென்று தெரியாமல் தடுப்பதும் சரியல்ல, தெரியாமல் அனுப்புவதும் சரியல்ல. எனவேதான் இந்தக் குறிப்பு.

இது ரசிகர்களின் ஒன்றுகூடல். 1970இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் சித்திரக்கதை வாசகர்கள் கூடியதில் இருந்து இது வளர்ந்தது. ஜப்பானின் டோக்கியோவில் 1975இல் கொமிக்கெட் தொடங்கியது. பின்னர் வீடியோ கேம், கார்ட்டூன், யூடியூப் ரசிகர்களும் இவ்வாறு கூடத் தொடங்கினர். கொழும்பில் லங்கா கொமிக் கொன் 2015இல் ஆரம்பமானது.

அங்கே என்ன நடக்கிறது? கேம் போட்டிகள் நடக்கும். இளம் ஓவியர்கள் தாம் வரைந்தவற்றை மேசை போட்டு விற்பார்கள். தமக்குப் பிடித்த பாத்திரத்தின் உடையில் பலர் வருவார்கள். இதற்குப் பெயர் கொஸ்பிளே. அந்த உடையையும் கவசத்தையும் பலர் அட்டை, ரெஜிபோம், துணி கொண்டு தாமே செய்கிறார்கள். அளவெடுத்து, வெட்டி, ஒட்டி, பிழைத்தால் மீண்டும் செய்கிறார்கள். ஆசிரியர் கலாசாலையில் நாம் படித்த ‘செய்து கற்றல்’ இதுதான். அறைக்குள் தனியே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அங்கே நாலு பேருடன் முகம் பார்த்துப் பேசுகிறது. 2023இல் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இந்தக் கேம்களுக்குப் பதக்கமும் வழங்கப்பட்டது.

ஆனால் கவனிக்க வேண்டியவையும் உண்டு.

முதலாவது பணம். சில கேம்களில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கட்டித் திறக்கும் பெட்டிகள் உண்டு. இப்படியான சில பெட்டிகளைச் சூதாட்டம் என்று 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழுவே அறிவித்தது. சூது நமக்கு ஹராம். ரீலோட் காசு எங்கே போகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

இரண்டாவது அறிமுகமற்றவர்கள். கேமில் மட்டும் பழகிய ஒருவரைச் சந்திக்கத்தான் பிள்ளை போகிறது என்றால், பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

மூன்றாவது உடையும் தொழுகையும். எந்தப் பாத்திரத்தின் உடை, ளுஹரை எங்கே தொழுவது, ஆண் பெண் கலப்பில் எப்படி நடந்துகொள்வது என்பதைப் புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தெல்தோட்டையிலிருந்து கொழும்பு போய் வருவது ஒரு முழு நாள் பயணம். வாப்பாவோ, மாமாவோ, மூத்த காக்காவோ கூடப் போகலாம். போக வசதியில்லை என்றால், பாடசாலை மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை போதும். பிள்ளைகள் வரைந்ததை, செய்ததை, கணினியில் உருவாக்கியதை வைக்கட்டும். பெற்றோர் வந்து பார்க்கட்டும்.

வெறும் "வேண்டாம்" என்ற சொல்லால் பிள்ளையின் ஆசை நின்றுவிடாது. நமக்குச் சொல்லாமல் போகும் பழக்கம்தான் அதனால் வளரும்.