நற்சிந்தனைப் பாடல்கள் பிறந்த வழி

சாகித்திய கர்த்தர் ஒருவரின் வரலாற்றை ஆராயுமிடத்து, அவர்க்கு இசை பயிற்றிய ஆசிரியர் யாவர் என்பதே முதலில் எழும் வினாவாகும். தியாகராச சுவாமிகளுக்குச் சொண்டி வேங்கடரமணையரும், முத்துசுவாமி தீட்சிதருக்குத் தந்தையாராகிய இராமசுவாமி தீட்சிதரும் வாய்த்தனர். கொழும்புத்துறையிலிருந்து நற்சிந்தனைப் பாடல்களை அருளிய யோகர் சுவாமிகளுக்கு வாய்த்த குருவோ இசையாசிரியர் அல்லர். ஆயினும் அப்பாடல்கள் யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்கள்தோறும் பாடப்பெறுகின்றன. இதன் காரணம் ஆராயத்தக்கது.

சுவாமிகள் 1872 ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்திற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து உறவினர் ஆதரவில் வளர்ந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிற் பயின்றார். பின்னர்க் கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியிற் களஞ்சியக் காப்பாளராகப் பணியாற்றினார். அக்காலத்து யாழ்ப்பாணத்திற் கோயில்தோறும் தேவார திருவாசகங்கள் ஓதப்பட்டன, புராணபடனம் நிகழ்ந்தது, திருவிழாக்களில் நாதசுரம் முழங்கியது. பண்ணையும் சந்தத்தையும் செவி வழியே பெறுவதற்கு அச்சூழலே ஒரு கல்விக்கூடமாயிருந்தது.

1905 ஆம் ஆண்டளவில் நல்லூர்த் தேரடியிற் செல்லப்பா சுவாமிகளைக் கண்டமை அவர் வாழ்வின் திருப்பமாகும். உலகத்தார் பித்தரென ஒதுக்கிய அம்மகான் நூல் எதனையும் பாடஞ் சொல்லவில்லை. சிறு வாக்கியங்கள் சிலவற்றையே மீண்டும் மீண்டும் மொழிந்தார். அவற்றுள் நான்கு மகாவாக்கியங்களாகப் போற்றப்படுகின்றன. கேட்குந்தோறும் பொருள் விரியும் இவ்வாக்கியங்களே பிற்காலத்தில் நற்சிந்தனையிற் பல்லவிபோலத் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. இசைப்பயிற்சியில் ஒரே சுரவரிசையைப் பலகாற் சாதகஞ் செய்தல் போன்றது இது; ஈண்டுச் சாதகஞ் செய்யப்பட்டது உள்ளம்.

குரு மறைந்தபின் சுவாமிகள் கொழும்புத்துறையில் இலுப்பை மரநிழலிலும் பின்னர்ச் சிறு குடிலிலும் வாழ்ந்தார். உள்ளத்தெழுந்தபோது பாடினார், அருகிருந்த அன்பர் எழுதிக்கொண்டனர். 1935 இல் தொடங்கிய ‘சிவதொண்டன்’ திங்களிதழ் அவற்றைப் பரப்பியது. விருத்தமும் கண்ணியும் கீர்த்தனையும் அவற்றுள் உள. எனினும் வித்துவத்தைக் காட்டுதல் அவற்றின் நோக்கமன்று. சிறுவரும் முதியோரும் ஒருங்கே பாடத்தக்க எளிமையே அவற்றின் இயல்பு.

1964 ஆம் ஆண்டு பங்குனியிற் சுவாமிகள் மகாசமாதி எய்தினார். கேட்டலும், அடங்கியிருத்தலும், குருமொழியை இடையறாது சிந்தித்தலுமாகிய மூன்றுமே அவர் பெற்ற பயிற்சி எனலாம். இசை கற்கும் மாணவர் குரலைப் பண்படுத்துவதோடு அமையாது, பாடற்பொருளில் உள்ளத்தை நிறுத்தவும் பழகுவாராயின், நற்சிந்தனை பிறந்த வழி அவர்க்கும் புலனாகும்.