குழந்தையைத் தேடி வந்த மந்திகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

காட்டு விலங்கு மனிதக் குழந்தையோடு நட்புக் கொள்ளுமா? கதைகளில் கொள்ளும். ஆனால் 2017-ஆம் ஆண்டு இறுதியில் கருநாடக மாநிலம் தார்வாடு பகுதியிலுள்ள அல்லாப்பூர் என்னும் சிற்றூரிலிருந்து வந்த செய்தி கதையன்று. பேச்சு இன்னும் வராத ஆண் குழந்தை ஒன்றைத் தேடிக் கருமுக மந்திக் கூட்டம் நாள்தோறும் வந்தது. குழந்தை தின்பண்டத்தை நீட்டும். மந்திகள் வாங்கித் தின்றுவிட்டு அதனைச் சுற்றியே அமர்ந்திருக்கும்.

அச்செய்தியில் என்னை நிறுத்தியது வேறொன்று. வேறு குழந்தையை அருகில் விட்டபோது அதே மந்திகள் சீறினவாம்! நமது ஆய்வுக்கூடத்தில் ஒப்பீட்டுக்கென்று இன்னொரு சோதனை வைப்போமல்லவா? ஊரார் அறியாமலே அதைச் செய்துவிட்டனர். (செய்யத் தகாத சோதனை என்பது வேறு.) ஆக, மந்திகள் பழகியது மனித குலத்தோடு அன்று; விரட்டாத, கல்லெறியாத, உணவு தரும் ஓர் உருவத்தோடு. இவ்வாறு அச்சம் நீங்குவதைப் 'பழக்கப்படுதல்' என்பர். அச்சம் நீங்கிய குரங்கு, உணவு கிடைக்காத நாளில் பிடுங்கும், கடிக்கும். சாலையோரம் குரங்குகளுக்குப் பழம் எறிபவர்கள் இதை எண்ணுவதில்லை.

இதனினும் ஆழமான பிணைப்பு ஒன்றுண்டு. ஆஸ்திரிய நாட்டுச் சிறுவன் கான்ராட் லாரன்சு, காட்டு வாத்து வளர்க்க ஆசைப்பட்டான். கிடைத்ததோ அண்டை வீட்டார் தந்த, பிறந்து ஒரே நாளான வீட்டு வாத்துக் குஞ்சு. அது அவனைத் தாயென்று கொண்டு பின்னாலேயே நடந்தது. அச்சிறுவன் வளர்ந்து, 1935-இல் இதனை விரிவாக எழுதினார். 1973-இல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார். முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திற்குள் கண்முன் அசையும் உருவம் குஞ்சின் மனத்தில் பதிந்துவிடுகிறது. 'பதிவு' என்பது இதுவே.

இயற்கை ஏன் இப்படி அமைத்தது? நம் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு வாருங்கள். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைக் குளிர்காலத்தில் அங்கே காணலாம். அவ்வினத்தின் இளம் பறவைகள் முதற் பயணத்தைப் பெற்றோரைத் தொடர்ந்தே மேற்கொள்கின்றன. தொடர்வதே அவற்றிற்குப் பள்ளிக்கூடம். மனிதனைத் தொடரும் குஞ்சுக்கு அந்த வழியை யார் காட்டுவது? குழந்தைக்கு அது சில மாத விளையாட்டு. குஞ்சுக்கோ வாழ்நாள் முழுவதும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஆகவே தெருவில் எது நடந்தாலும், "நீதான் படிச்சவனாச்சே, சொல்லு" என்பார்கள். சென்ற கோடையில் பக்கத்து வீட்டுச் சிறுவன், பனை மரத்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சை ஏந்தி வந்தான். "அண்ணே, நான் வளத்தா எங்கூடவே இருக்குமா?"

இருக்கும். கண் திறவாமல் பிறக்கும் கிளி, வாத்தைப் போல ஒரே நாளில் அன்றி, வாரக்கணக்கில் ஊட்டும் கையோடு ஒன்றிவிடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம் என்பதைச் சொன்னால் அவனுக்கு விளங்காது. "இன்னிக்கே அதோட அம்மாகிட்ட விட்டாத்தான் அதுக்குக் கிளிப் பேச்சு வரும்" என்றேன். மனிதர் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று அவன் பாட்டி தடுத்தார். அது தவறான நம்பிக்கை. பெரும்பாலான பறவைகள் அதனால் குஞ்சைக் கைவிடுவதில்லை.

மரமேறத் தெரிந்த மாமா ஒருவர் குஞ்சைப் பொந்தில் வைத்தார். நாங்கள் வரப்பில் அமர்ந்திருந்தோம். வெயில் தாழ்ந்தபின் பச்சையாய் ஒன்று வந்து பொந்தின் வாயில் தொற்றியது; இரண்டு முறை எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.