உஷார்! அந்த ‘வலி மாத்திரை’ மூச்சை நிறுத்தும்

“அசந்து போயிருக்கான், தூங்கட்டும்” என்று கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். வழக்கமில்லாத கரகரப்புக் குறட்டை, உலுக்கினாலும் திறக்காத கண், நீலம் பாய்ந்த உதடு, குண்டூசி முனையளவு சுருங்கிய கண்மணி. இவற்றில் இரண்டு தென்பட்டாலே அது தூக்கமில்லை. மூச்சு அடங்கிக்கொண்டிருக்கிறது.

புதுக்கோட்டைக்காரர்களான நமக்குப் போதை என்றால் கடற்கரைதான் ஞாபகம் வரும். 2024 மார்ச்சில் மீமிசல் பக்கம் ஓர் இறால் பண்ணையில் சுங்கத்துறை கஞ்சாவும் ஹஷிஷும் பிடித்தது. எனக்கு இப்போது அதைவிடப் பயம் தருவது சட்டைப் பையில் அடங்கும் ஒரு மாத்திரை அட்டை. டேபென்டடால். கடும் வலிக்கு மருத்துவர் எழுதித் தருவது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பையன்கள் இதைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். செத்தும் போயிருக்கிறார்கள்.

“வலி மாத்திரைதானே” என்ற பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது. பாராசிட்டமாலும் டைக்ளோபினாக்கும் வேறு வகை. இது ஓபியாய்டு. அபினிலிருந்து நேராக எடுப்பவை மார்பின், கோடீன். மார்பினை மாற்றிச் செய்தது ஹெராயின். முழுக்க ஆய்வுக்கூடத்தில் உருவானவை ஃபென்டனில், டிராமடால், டேபென்டடால். பிறந்த இடம் எதுவானாலும் இவை போய் ஒட்டுவது மூளை, தண்டுவடம், குடலில் உள்ள ஓபியாய்டு ஏற்பிகளில். மியூ, கப்பா, டெல்டா என்று முக்கியமாக மூன்று வகை. நம் உடம்பே சுரக்கும் எண்டார்பின் போன்றவற்றுக்காக அமைந்தவை.

மூன்றில் மியூதான் உயிரோடு விளையாடுவது. வலியைக் குறைப்பதும் அதுதான், கிறக்கம் தருவதும் அதுதான், மூளைத்தண்டில் மூச்சின் வேகத்தைத் தணிப்பதும் அதுதான். கிறக்கத்துக்கு உடம்பு சீக்கிரம் பழகி, அளவைக் கூட்டச் சொல்லும். மூச்சு மையம் அத்தனை வேகத்தில் பழகுவதில்லை. சில வாரம் நிறுத்தியிருந்துவிட்டுப் பழைய அளவையே மறுபடி போட்டால், பழக்கம் விட்டுப்போன உடம்பு தாங்காது. மதுவோ தூக்க மாத்திரையோ நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபலினோ சேர்ந்தால் இன்னும் மோசம்.

ஊசியாக ஏற்றும்போது வேறொரு கேடும் உள்ளே போகிறது. மாத்திரையில் கலந்திருக்கும் டால்க்கும் செல்லுலோஸும் கரையாது. நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். ஒரே ஊசியைப் பலர் போட்டால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி.

டிராமடால் 2018-ல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. கெடுபிடி கூடியதும் போதைக் கூட்டம் டேபென்டடாலைத் தேடிப் போனது. ஆகவே, மருந்துக்கடை அண்ணாச்சிகளே, சிவப்புக் கோடு போட்ட அட்டையைச் சீட்டில்லாமல் தராதீர்கள். அதே சமயம் புற்றுநோயாளிக்கு மருத்துவர் அளந்து தரும் மார்பினுக்குப் பயந்து வலியில் துடிக்க விடவும் கூடாது.

மூச்சு அடங்கினால் முறிவு மருந்து உண்டு: நலாக்ஸோன். மியூ ஏற்பியில் இருக்கும் ஓபியாய்டை எழுப்பிவிட்டு, பஸ் சீட்டில் துண்டு போட்டதுபோல அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு திரும்பும். ஆனால் இது பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும். உள்ளே போன மாத்திரை அதற்குமேலும் இருந்தால் மூச்சு மறுபடி அடங்கும். அதனால், கண் விழித்துவிட்டான் என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள்.

சந்தேகம் வந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சு நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். என்ன போட்டான் என்று தெரிந்தால், மானம் பார்க்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அட்டை கிடைத்தால் கையோடு கொண்டுபோங்கள். பழக்கத்திலிருந்து மீட்க இலவச எண் 14446. விற்பவனைப் பற்றிச் சொல்ல 10581. இரண்டையும் இப்போதே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.