எண் சொல்வது மெய்தானா?

ஜொகூர் மாநிலத்திலே குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் பாலோ. குளுவாங்கிலிருந்து வடக்கே லாபிஸ் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. கடைத்தெருவைக் கடந்துவிட்டால் சாலையின் இருபுறமும் செம்பனைத் தோட்டங்களே. பொழுது சாய்ந்த பின் அத்தோட்டச் சாலைகளில் வண்டி ஓட்டிச் செல்வோர்க்கு, தொட்டியில் எண்ணெய் எவ்வளவு உண்டு என்னும் வினா வெறும் ஏட்டு வினா அன்று. வீடு போய்ச் சேர்வோமா என்னும் வினாவே ஆகும்.

இக்கட்டுரையாளனிடம் பழைய ஐரோப்பியக் கார் ஒன்று உண்டு. அதன் முள் காட்டும் கருவிகள் பழுதுபட்டமையால் அவற்றை நீக்கிவிட்டு, கடையில் விற்கும் டிஜிட்டல் டாஷ்போர்டு ஒன்றைப் பொருத்தினோம். பெட்ரோல் அளவை லிட்டரிலே, புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வரை அது காட்டிற்று. ஓர் இரவு, பாலோவுக்குத் திரும்பும் வழியில், '2.9' என்று பலகை காட்டிக்கொண்டிருக்கையிலேயே எஞ்சின் நின்றுவிட்டது. சற்று நேரங்கழித்துப் பலகையைப் பார்த்தால் '0.0' என்று இருந்தது! ஓடும்போது மூன்று லிட்டர். நின்றபின் ஒன்றும் இல்லை. இது எவ்வாறு நேர்ந்தது? விடை காண்பதற்குத் தொட்டியிலிருந்து பலகை வரையில் அச்செய்தி வரும் வழியை நாம் படிப்படியாக ஆராய வேண்டும்.

குச்சியிலிருந்து மின்சாரம் வரை

1908இல் வெளிவந்த ஃபோர்டு 'டி' மாதிரிக் காரில் எண்ணெய் காட்டும் கருவி இல்லை. இருக்கையைத் தூக்கி, தொட்டிக்குள் குச்சியை விட்டு, ஈரம் ஏறிய அளவைக் கண்டனர். 1960க்கு முற்பட்ட வோக்ஸ்வாகன் வண்டுக் கார்களிலும் முள் இல்லை. எஞ்சின் தடுமாறும்போது காலால் ஒரு குழாய்த் திறப்பைத் திருப்பினால் எஞ்சிய சேமிப்பு எண்ணெய் வரும். இவ்விரு முறைகளிலும் ஏமாற்றத்திற்கு இடமில்லை. வசதி மட்டுமே குறைவு.

பிற்காலத்தில் பரவிய முறை, மிதவையும் மின்தடையும் சேர்ந்தது. தொட்டிக்குள் ஒரு மிதவை. மிதவையில் ஒரு கம்பிக் கை. கையின் மறு நுனி ஒரு தடைக்கம்பியின் மேல் நகரும். எண்ணெய் ஏறினால் மிதவை ஏறும், தடையும் மாறும். முள் கருவிக்குள் இரு உலோகப் பட்டை ஒன்று மின்னோட்டத்தால் சூடேறி வளைந்து முள்ளைத் தள்ளும். 1960களின் ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில், பாட்டரியின் ஏற்ற இறக்கம் முள்ளைப் பாதிக்காதிருக்க, ஏறத்தாழ 10 வோல்ட் அளவிலே மின்சாரத்தை நிலைநிறுத்தும் சிறு கருவியும் இருந்தது.

மிதவைகளின் மொழிகள்

மிதவைகள் எல்லாம் ஒரே மொழியைப் பேசுவதில்லை என்பதை முதற்கண் உணர வேண்டும். ஐரோப்பிய மிதவைகளில் பரவலான ஒரு வகை, தொட்டி வெறுமையாயின் 10 ஓம், நிறைந்தால் 180 ஓம் தடை காட்டும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் பழைய வண்டிகளில் வெறுமைக்கு 0, நிறைவுக்கு 90. ஃபோர்டின் பழைய வண்டிகளிலோ இது தலைகீழ்: வெறுமைக்கு 73, நிறைவுக்கு 10. ஜப்பானிய வண்டிகள் பலவற்றிலும் எண்ணெய் குறையக் குறையத் தடை கூடும். ஆகவே, கையிலுள்ள மிதவை எவ்வகையினது என்பதை ஓம் அளக்கும் மீட்டரால் அறிந்த பின்னரே வயரைத் தொடுதல் வேண்டும்.

இருதடைப் பங்கீடு

டிஜிட்டல் பலகைக்குப் பெட்ரோலும் தெரியாது, தடையும் தெரியாது. 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள மின்னழுத்தம் ஒன்றே அதற்குத் தெரியும். தடையை அழுத்தமாக மாற்றித் தருவது நம் கடமை. இதற்குப் பலகை தரும் 5 வோல்ட்டிலிருந்து ஒரு துணைத் தடை வழியாக மிதவைக்கு இணைப்புக் கொடுத்து, இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து பலகைக்கு ஒரு வயரை இழுக்க வேண்டும். அழுத்தம் தடைகளின் விகிதப்படி பங்கிடப்படும். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராயிருந்த ஓம் என்பார் 1827இல் நூலாக வெளியிட்ட விதியே இதற்கு அடிப்படை.

துணைத் தடை 100 ஓம் எனக் கொள்வோம். வெறுந்தொட்டியில் 5 × 10 ÷ 110, அதாவது 0.45 வோல்ட். நிறைதொட்டியில் 5 × 180 ÷ 280, அதாவது 3.21 வோல்ட். இடைவெளி அகலமானது, நல்லதே. துணைத் தடையை 1,000 ஓம் ஆக்கினால் 0.05 முதல் 0.76 வரையே கிடைக்கும். சிறு பிழையும் பெரிதாகத் தோன்றும். பலகைகள் சிலவற்றில் வெப்பமானிக்கென உள்ளேயே இத்தகைய பெருந்தடை அமைந்திருக்கும். அதை விலக்காமல் நம் தடையையும் சேர்த்தால் கணக்குத் தவறும். பழைய முள் கருவியை அதே வயரில் விட்டுவைத்தாலும் தவறும். 100 ஓம் தடையில் வெறுந்தொட்டியின்போது 0.2 வாட் வெப்பம் எழுமாதலின், அரை வாட் தாங்கும் தடையே தக்கது.

ஓர் எச்சரிக்கை. 12 வோல்ட் பாட்டரியை மிதவைக்கு நேரே இணைக்கலாகாது. 10 ஓம் தடையில் 1.2 ஆம்பியர் பாய்ந்து 14 வாட்டுக்கு மேல் வெப்பம் எழும்; அதுவும் பெட்ரோல் ஆவி நிறைந்த தொட்டிக்குள்! வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுதல் முறையாகும்.

பலகைக்குப் பாடம் புகட்டல்

வெறுமைக்கும் நிறைவுக்கும் உரிய இரண்டு எண்களை மட்டும் பலகைக்குக் கற்பித்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். மேற்கண்ட கணக்கையே பாருங்கள். தொட்டி சரிபாதி இருக்கையில் தடை 95 ஓம் என்றால், அழுத்தம் 2.44 வோல்ட். இரு முனைகளுக்கும் இடையே நேர்கோடு இழுத்துக் கணக்கிடும் பலகை அதனை நூற்றுக்கு 72 பங்கு என்று படிக்கும். 40 லிட்டர் தொட்டியில் 20 இருக்க, 29 என்று காட்டும். பங்கீட்டின் வளைவு இது. தொட்டியின் வடிவமும் மேலே அகன்று கீழே குறுகியிருப்பின் பிழை இன்னும் கூடும்.

ஆகவே, சமதரையில் வண்டியை நிறுத்தி, வெறுந்தொட்டியில் 5 லிட்டர் 5 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அலை அடங்கும் வரை காத்திருந்து, அழுத்தத்தைக் குறித்துப் பலகையில் பதிய வேண்டும். வளைவிலும் மேட்டிலும் எண்ணெய் அலையுமாதலின், அரை நிமிட அளவுகளின் சராசரியைக் காட்டும்படியும் அமைக்க வேண்டும்.

மூன்று லிட்டர் வந்த வழி

இவை அனைத்தையும் நாம் செய்தே இருந்தோம். பின் எங்கே பிழை? எர்த் வயரிலே!

மிதவையின் எர்த்தும், தொட்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பின் எர்த்தும் ஒரே ஆணியில் முறுக்கப்பட்டிருந்தன. அந்த ஆணி துருவேறியது. துருவின் தடை 0.1 ஓம் அளவே. ஆனால் பம்பு ஓடும்போது 5 ஆம்பியர் அதன் வழியே பாய்ந்தது. 5ஐ 0.1ஆல் பெருக்க 0.5 வோல்ட். வால்ட் மீட்டரை மிதவையின் உலோகத்திற்கும் பலகையின் எர்த்துக்கும் இடையே வைத்தபோது அவ்வரை வோல்ட் கண்கூடாகத் தெரிந்தது. அதாவது, மிதவை நிற்கும் தரையே அரை வோல்ட் உயர்ந்துவிட்டது. வெறுந்தொட்டிக்குரிய 0.45 வோல்ட் 0.91 ஆகத் தோன்றிற்று. 10 ஓம் தடையைப் பலகை 22 ஓம் என்று எண்ணிற்று. 170 ஓம் வீச்சில் 12 ஓம் பிழை என்பது 40 லிட்டரில் ஏறத்தாழ 3 லிட்டர். இதுவே இல்லாத எண்ணெயின் பிறப்பு! பலகைக்குப் பாடம் புகட்டுகையில் எஞ்சின் நின்றிருந்தது, பம்பும் நின்றிருந்தது; அதனால் அப்போது எண்கள் மெய்யாயின. ஓடும்போது பொய்த்தன. வண்டி நின்றபின் மீண்டும் மெய்யாயின.

இதே பிழை ஜப்பானிய வகை மிதவையில் நேர்ந்திருப்பின், தடை கூடியதாகத் தோன்றி, எண்ணெய் குறைவென்று காட்டியிருக்கும். நாமும் முன்னதாகவே பெட்ரோல் நிலையத்தை நாடியிருப்போம். நம் மிதவையோ ஆபத்தான பக்கத்திலே பிழைத்தது. தொட்டிக்குள் உள்ள பம்பு தன்னைச் சூழ்ந்த பெட்ரோலாலேயே குளிர்கிறது; வற்ற ஓட்டுவதால் அதற்கும் கேடு.

பரிகாரம் எளிது. மிதவையின் எர்த்துக்குத் தனி வயர் ஒன்றை இழுத்து, பலகையின் உணர்கருவி எர்த்தில் நேரே சேர்த்தோம்; பம்பின் எர்த்தைத் துருநீக்கிய வேறிடத்தில் பொருத்தினோம். எஞ்சின், விளக்கு, விசிறி எல்லாம் ஓடும்போதும், எல்லாம் நின்றபோதும் எண் மாறாதிருத்தலே இணைப்புச் செம்மைக்குச் சான்று. வயர் அறுந்தால் அழுத்தம் 5 வோல்ட்டுக்கு ஏறும். நம் மிதவை வகையில் அது நிறைதொட்டி போலத் தோன்றுமாதலின், 3.5 வோல்ட்டைக் கடந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும்படியும் அமைத்தோம்.

முள் காட்டிய காலத்தில், 'ஏறத்தாழக் கால் தொட்டி' என்று ஐயத்தோடு படித்தோம். ஐயம் நம்மைக் காத்தது. புள்ளியிட்ட எண்ணைக் கண்டதும் ஐயம் அகன்றது, பிழையோ அகலவில்லை. விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் இடாமல், மாணவன் கணக்குப் போட்ட வழியையும் பார்ப்பது ஆசிரியரின் வழக்கம் அன்றோ? பலகை காட்டும் எண்ணுக்கும் அவ்வழக்கமே பொருந்தும். வகுப்பிலே அழுத்தப் பங்கீட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பாட்டரி ஒன்று, தடைகள் இரண்டு, மீட்டர் ஒன்று கொண்டு இம்மூன்று லிட்டர் கதையைச் செய்தே காட்டலாம். பாலோ போன்ற ஊர்களில் மாணவர் பலர் தந்தையரின் பழைய வண்டிகளோடு வளர்கின்றனர். இக்கணக்கின் பயனை அவர்கட்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.